தெரு இல்லாத வீட்டின் வெளியுறவுக் கொள்கை

எங்கள் வீட்டுக்குத் தெரு கிடையாது. சிட்னியின் நார்த்மீட்டில் ஒரு மேட்டுத் தெருவைப் பார்த்தபடி இரண்டு வீடுகள் நிற்கின்றன. அவற்றின் முதுகுக்குப் பின்னால் எங்களுடையது. தெருவிலிருந்து எங்கள் வாசலுக்கு வர, அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஏறுகிற கொங்கிரீட் பாதைதான் வழி. பாதையின் இடது பாதி இடது வீட்டுக்காரருடையது, வலது பாதி வலது வீட்டுக்காரருடையது. எங்களுக்கு அதில் ஒரு சாண் நிலம் கூட இல்லை. அதன்மேல் போய்வரும் உரிமை மட்டும் பத்திரத்தில் ஒரு பந்தியாக இருக்கிறது. பின்பக்கம் இருக்கும் இப்படிப்பட்ட காணியை இந்த ஊரில் கோடரிக் காணி என்பார்கள். தெருவரை நீளும் சொந்தப் பாதைதான் கோடரியின் பிடி. மற்றவர்களுக்குப் பிடியோடு கோடரி கிடைக்கிறது. எங்களுக்குப் பிடியில்லாமல் கிடைத்தது.

வாங்கும்போது எனக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

இங்கே ஒரு மருந்துக் கம்பனியின் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறேன் என்றாலும், கண்டியில் உயர்தர வகுப்புக்குப் பல வருடம் அரசியல் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். நிலத்தால் சூழப்பட்ட நாடுகளின் வெளியுறவுக் கொள்கை என்பது என்னுடைய செல்லப் பாடம். நானே மலையகத்தான், பிறந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்க எந்தப் பக்கம் போனாலும் பஸ்ஸில் அரை நாள். நேபாளத்துக்கும் லாவோசுக்கும் கரும்பலகையில் படம் போட்டு, கடலுக்குப் போகும் வழியை அம்புக்குறியால் காட்டுவேன். சர்வதேசச் சட்டம் இவர்களுக்குக் கடல்வரை போகும் உரிமையைக் கொடுத்திருக்கிறது, ஆனால் எப்படிப் போவது, எதில் போவது என்பதை வழிவிடும் நாட்டோடு பேசித்தான் தீர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். கடலைப் பறிகொடுத்த பொலிவியா இன்னும் கடற்படை வைத்திருக்கிறது என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். சின்ன நாடு புத்திசாலியாக இருந்தால் போதும், இரண்டு பெரிய அண்டை வீட்டுக்காரரையும் சம தூரத்தில் வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளும் என்று பாடத்தை முடிப்பேன். அந்த வாத்தியாரை இப்போது கண்டால் சாக்குக்கட்டியைப் பிடுங்கி எறிவேன்.

இனி, என் வல்லரசுகள்.

இடது வீட்டுக்காரர் சென்னையிலிருந்து வந்தவர், ஐ.டி.யில் பெரிய பதவி. சுத்த சைவம். வலது வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர், பின்வளவில் தகரக் கூரை போட்டு ஒரு வெளிக் குசினி கட்டி வைத்திருப்பவர். சனிக்கிழமை காலையில் அங்கே மீன் பொரியும். அந்தப் புகை நேரே இடது வீட்டு மாடிக்குப் போகும். இடது வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு எழுதினார். பதிலுக்கு வலது வீட்டுக்காரர், அந்த மாடி ஜன்னல் தன் வளவைப் பார்க்கிறது, பெண்கள் வெளியே வர முடியவில்லை என்று எழுதினார். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தால் மற்றவர் வீட்டுக்குள் போய்விடுவார்.

கவுன்சிலிடம் காட்ட, தன் பக்கம்தான் நியாயம் என்று சொல்லும் என்னுடைய கடிதம் இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது. நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நடுநிலை!

என் நடுநிலையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. வலது பக்கம் திரும்பினால் 'ஓம்' என்பேன், இடது பக்கம் திரும்பினால் 'ஆமா' என்பேன். "நீங்களும் எங்கட நாட்டு ஆள்தானே" என்பார் வலது வீட்டுக்காரர். ஓம். "உங்க பூர்வீகம் எங்க ஊர்தானே சார், திருச்சிப் பக்கமா?" என்பார் இடது வீட்டுக்காரர். ஆமா. மற்ற நேரத்தில் வலது வீட்டில் நான் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தோட்டக்காட்டான், இடது வீட்டில் யாரோ சிலோன்காரன். இரண்டு வீட்டுப் பிறந்தநாளுக்கும் போவேன். ஒன்றில் ஒன்றரை மணி நேரம் இருந்தால் மற்றதிலும் ஒன்றரை மணி நேரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவுப் பாத்திரத்தில் பலகாரம் போகும். ஒரு வீட்டுக்குக் கொஞ்சம் கூடப் போய்விட்டது என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக நான் அளவெல்லாம் பார்ப்பேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

எங்கள் வளவின் கடைசியில், வீட்டுக்கும் பின்னால், ஓர் அறையும் சமையல் மூலையும் உள்ள சின்ன வீடு ஒன்று உண்டு. அதில் ஒரு நேபாளத்துப் பெண் வாடகைக்கு இருந்தார். நாற்பது வயதைத் தொட்டவர். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. மகள் ஊரில் படிக்கிறாள். எங்கள் வீட்டுப் பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டுதான் அவர் போக வேண்டும், வர வேண்டும். சின்னக் கார் ஒன்று வைத்திருந்தார். அதை எங்கள் கார் கொட்டகைக்குப் பக்கத்தில் விடுவார்.

நேபாளம் என்றதும் என் வாய் சும்மா இருக்குமா? வந்த முதல் வாரமே தேநீர் கொடுத்து உட்காரவைத்து, அவருடைய நாட்டின் வெளியுறவுக் கொள்கையை அவருக்கே விளக்கினேன். தெற்கே இந்தியா, கல்கத்தா துறைமுகம். வடக்கே மலை, மலைக்கு அப்பால் சீனா. சமநிலை முக்கியம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: தெற்கு எல்லையில் லாரிகள் நின்றுபோன மாதங்களில் அவர் அங்கேதான் இருந்தாராம். காஸ் வரவில்லை. அவருடைய அம்மா மொட்டை மாடியில் பழைய கட்டிலை உடைத்து அடுப்பு மூட்டிச் சமைத்தாராம். ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துகொண்டே வந்ததாம். இந்தியப் பக்கம் கேட்டால், நாங்கள் ஒன்றையும் நிறுத்தவில்லை என்றார்களாம்.

"சமநிலையைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை" என்றார்.

நான் அதற்கும் ஏதோ பாடத்தில் உள்ள பதிலைச் சொன்னேன். அவருடைய சமையல் மூலையில் எப்போதும் ஒரு மூட்டை அரிசி கூடுதலாக இருக்கும், சின்ன காஸ் அடுப்பும் அதற்கான டப்பாக்களும் அடுக்கியிருக்கும். சிட்னியில் இருந்துகொண்டு இதென்ன பயம் என்று கேலி செய்வேன். அவர் சிரித்துவிட்டுப் போவார்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் என் மனைவிக்கு இரண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். அவளால் நிற்க முடியவில்லை. அதனால் பொங்கலை அவள் கதிரையில் உட்கார்ந்து கிண்டினாள், பாத்திரத்தில் போட்டு இரண்டு வீட்டுக்கும் கொடுக்கும் வேலை என்னுடையதாயிற்று.

தீபாவளிக்கு வலது வீட்டு அம்மா பயற்றம் பணியாரம் அனுப்பிய மூடி போட்ட சில்வர் பாத்திரம் எங்களிடம் இருந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே, பொங்கலோடு கொடுக்கலாம் என்று என் மனைவி எடுத்து வைத்திருந்தாள். இடது வீட்டுக்கு எங்கள் பாத்திரம். இரண்டும் ஒரே அளவு. அப்படி ஒரே அளவாகப் பார்த்து எடுத்தவன் நான்தான். நான் அளவைப் பார்த்தேனே தவிர விளிம்பைப் பார்க்கவில்லை. விளிம்பில் அந்த அம்மாவின் பெயர், கடையில் கொடுத்து வெட்டியது, புள்ளி புள்ளியாகப் பளிச்சென்று இருந்தது. அந்தப் பாத்திரம் இடது வீட்டுக்குப் போயிற்று. என் மனைவி பெயர் வெட்டிய பாத்திரம் வலது வீட்டுக்குப் போயிற்று.

வலது வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. இடது வீட்டில் கவனித்தார்கள். பெயரைப் படித்தார்கள். படித்துவிட்டு என்ன நினைத்தார்கள் தெரியுமா? வலது வீட்டார் சமாதானத்துக்கு வருகிறார்கள், நேரே தர வெட்கப்பட்டுக்கொண்டு எங்கள் மூலமாகப் பொங்கல் அனுப்பியிருக்கிறார்கள் என்று. அந்த மனிதர் உருகிப்போய்விட்டார். அன்று மாலையே வேட்டி கட்டிக்கொண்டு, அதே பாத்திரத்தில் முறுக்கு நிறைத்து, மனைவியோடு வலது வீட்டுக் கதவைத் தட்டினார். நான் என் வீட்டு வாசலில் குழாயைப் பிடித்துக்கொண்டு பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"உங்க பொங்கல் கிடைச்சுது சார். ரொம்ப சந்தோஷம். பழசையெல்லாம் மறந்துடலாம்."

"என்ன பொங்கல்? நாங்கள் உங்களுக்கு ஒண்டும் தரேல்லையே."

"இது உங்க வீட்டுப் பாத்திரம்தானே?"

"ஓம், என்ர மனிசியின்ர. அது எப்பிடி உங்கட கையில வந்தது?"

இடது வீட்டுக்காரர் முறுக்கோடு படியிறங்கி வந்தார். நான் ஓடிப்போய் விளக்கியிருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாள் இரண்டு பேரும் தனித்தனியாக வந்தார்கள்.

"சார், நான் உங்ககிட்ட என்னிக்காவது தூது போங்கன்னு கேட்டேனா? என் மரியாதை போச்சு. அந்தாளு வாசல்ல போய்ப் பிச்சைக்காரன் மாதிரி நின்னேன்."

"நீங்கள் ஆர் எங்கட பேரில சமாதானம் பேச? என்ர மனிசியின்ர பாத்திரத்தைக் கொண்டுபோய் அவங்களிட்டக் குடுத்தனீங்கள். நாங்கள் பயந்திட்டம் எண்டு அந்தாள் நினைச்சிருக்கும்."

மாறிப்போயிற்று என்றேன். இருவரும் நம்பவில்லை. அளவெல்லாம் பார்த்துக் கொடுக்கிற மனிதன் பாத்திரத்தை மாற்றிக் கொடுப்பானா என்று இருவரும் கேட்டார்கள். ஒரே கேள்வி, இரண்டு உச்சரிப்பு.

அந்த வாரக் கடைசியில் பாதையின் இடது பாதியில் ஒரு கார் நின்றது. மறுநாள் வலது பாதியில் ஒரு ட்ரெய்லர் நின்றது. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். கேட்டேன். "என் இடத்துல என் காரை நிறுத்துறேன், இதுல உங்களுக்கு என்ன?" என்றார் ஒருவர். "நான் ஒண்டையும் மறிக்கேல்லையே, என்ர காணியில என்ர ட்ரெய்லர் நிக்குது" என்றார் மற்றவர். பல மாதம் முகம் பார்க்காத இருவரும் என் விஷயத்தில் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒத்துப்போனார்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த ஆத்திரத்தை எந்த மொழியில் சொல்வதென்று தெரியவில்லை. ட்ரெய்லரின் டயரை உதைத்தேன், என் கால் வீங்கியது.

மனைவி ஆபரேஷன் முடிந்து வந்தாள். அவளைக் கொண்டுவந்த வண்டி தெருவிலேயே நின்றுவிட்டது. நார்த்மீட் மேடு என்பது வேடிக்கையல்ல. எங்கள் பாதை சாதாரண ஆளுக்கே மூச்சு வாங்கும். நான் விழித்துக்கொண்டு நின்றபோது நேபாளத்துப் பெண் வேலையிலிருந்து வந்தார். என் மனைவியின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டார். பத்து அடிக்கு ஒருமுறை நிறுத்தினார், மூச்சுவிடச் சொன்னார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனேன், அவள் உட்கார வேண்டுமென்றால் போட. இடது மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது.

வாரத்துக்கு இரண்டு தடவை வென்ட்வேர்த்வில்லுக்குப் பிசியோதெரபிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். போகாவிட்டால் முழங்கால் மடங்காமலே இறுகிவிடும். முதல் இரண்டு தடவையும் அந்தப் பெண்தான் தாங்கி இறக்கினார், ஏற்றினார். மூன்றாவது தடவை அவருக்கு வேலை. என் மனைவி போகவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மொங்கோலியாவுக்கு ஒரு கொள்கை உண்டு. இரண்டு பெரிய அண்டை நாடுகளுக்கு அப்பால் தூரத்தில் மூன்றாவதாக ஓர் அண்டை நாட்டைத் தேடிக்கொள்வது. நானும் தேடினேன். கவுன்சிலுக்குப் போன் செய்தேன். இது தனியார் தகராறு என்றார்கள். போலீசும் அதையே சொன்னது. வக்கீல், உரிமை உங்கள் பக்கம்தான், கேஸ் போட்டால் கட்டாயம் ஜெயிக்கலாம், சில மாதம் ஆகும் என்றார். சில மாதத்தில் அந்த முழங்கால் மரக்கட்டையாகியிருக்கும்.

இரண்டு வீட்டுக் கதவையும் நானே தட்டினேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன், எதற்கு மறைக்க? எங்கள் ஹாலில் இரண்டு பேரும் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். இருவருக்கும் பொதுவாக ஒரு குறை இருந்தது. அந்த நர்ஸின் கார். விடியற்காலை ஷிப்டுக்கு அது போகும்போது வெளிச்சம் இடது வீட்டுப் படுக்கையறையில் அடிக்கிறதாம். சத்தம் வலது வீட்டாரை எழுப்புகிறதாம். "வழி உங்க வீட்டுக்குத்தான் சார், உங்க வாடகைக்காரங்களுக்கு இல்ல" என்றார் ஒருவர். "ஓம், அதுதான் எங்கட நிலைப்பாடும்" என்றார் மற்றவர். அந்தக் கார் பாதையில் ஏறுவதை நிறுத்தினால் பாதை அன்றைக்கே திறக்கும்.

நான் யோசித்தேனா? ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு தாள் எடுத்தேன். நானே எழுதினேன். பிரிவு ஒன்று, பிரிவு இரண்டு என்று இலக்கம் போட்டேன். பின் வீட்டில் குடியிருப்பவரின் வாகனமோ, அவருக்காக வரும் வாகனமோ பாதையில் ஏறாது. எழுதும்போது சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்குப் பிறகு படித்த படிப்புக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி இருந்தது. மூவரும் கையெழுத்திட்டோம். காரும் ட்ரெய்லரும் பகலுக்குள் போய்விட்டன.

பக்கவாட்டுக் கேட்டைத் திறந்து அவரிடம் போனேன். அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தெளிவாக, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். கார் மட்டும்தான். நடந்து போகத் தடையில்லை. தெருவில் நிறுத்த நிறைய இடம் இருக்கிறது. எனக்கு வேறு வழியில்லை என்றும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த துணியை உதறிப் போட்டுக் கிளிப் மாட்டினார்.

"என்னையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டீர்களா?"

அவர் கூடையிலிருந்து அடுத்த துணியை எடுத்தார்.

"உங்களுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. ஒரு பக்கத்தோடு கோபமென்றால் மற்றப் பக்கத்தைக் கேட்கலாம். எனக்கு இந்தக் கேட் ஒன்றுதான்."

அவ்வளவுதான் பேசினார். மூன்றாம் வாரம் ஸ்ட்ராத்ஃபீல்டில் அறை கிடைத்திருக்கிறது, சனிக்கிழமை போகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஒரு சின்ன லாரி தெருவில் வந்து நின்றது. பாதை காலியாக இருந்தது. இலை தழை கூட இல்லாமல் யாரோ கூட்டி வைத்திருந்தார்கள். அவருக்காக வரும் வாகனம் பாதையில் ஏறாது; என் சொந்தக் கையெழுத்து, பிரிவு இரண்டு. அவரும் கூட வேலை செய்கிற இன்னொரு பெண்ணும் மெத்தையை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பெட்டிகள், அரிசி மூட்டை, காஸ் டப்பாக்கள். வெயில் கொளுத்தியது. நான் போய் இரண்டு கதவையும் தட்டி, இன்றைக்கு ஒருநாள் மட்டும் லாரியை விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயமாக இருந்தது. திங்கட்கிழமை பிசியோதெரபி இருந்தது. தூக்க உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

சனிக்கிழமையாதலால் மீன் பொரிந்துகொண்டிருந்தது. இடது வீட்டு மாடி ஜன்னல் மூடியிருந்தது.

அவர் போன பிறகு குசினிக்குள் வந்தேன். என் மனைவி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தாள். முன்னால் மூடி போட்ட ஒரு சில்வர் பாத்திரம். எப்போதோ நாங்கள் சோறும் கறியும் கொடுத்தனுப்பியது. உள்ளே நிறைய அவல், மேலே ஒரு பிடி கற்கண்டு. வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பதை எங்களிடம்தான் கற்றிருப்பார்.

என் மனைவி பாத்திரத்தின் விளிம்பைத் திருப்பி என் பக்கம் காட்டினாள். அவளுடைய பெயர்.

"இங்க பாருங்க. நம்ம பாத்திரம் ஒண்ணு, வேலை செய்யிற இடத்துல யாரோ குடுத்த தமிழ்ப் பேர் வெட்டின பாத்திரம் ஒண்ணு, ரெண்டும் அவங்ககிட்ட இருந்துச்சாம். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. கேட்டுல நம்ம பேர்ப் பலகை இருக்குல்ல, அதுல என் பேரோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் கொண்டாந்தேன்னு சொன்னாங்க. தப்பான வீட்டுக்குப் போயிடக் கூடாதாம்."

அவலை ஒரு டப்பாவில் கொட்டினாள். பாத்திரத்தைக் கழுவி வைக்கும்படி என்னிடம் நீட்டினாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் வாங்கிக் கழுவினேன்.